அரைச் சுற்று

மருதமுத்துவின் விரல்களில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இருந்தது என்று அவனை நம்பவைத்தவன் நான்!

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில் எழுதியாயிற்று. நீங்கள் இந்த இடத்திலேயே என்னைக் காறித் துப்பிவிட்டுப் போகலாம். ஆனால் போகாதீர்கள்... முழுவதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள். பாதிக் கதைக்குப் பாதித் துப்பல்தான் கிடைக்கும். எனக்கு முழுசாக வேண்டும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் மின்வேலை பார்ப்பவன். மருதமுத்து அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் குட்டையாக வெட்டிவிடும் வேலை அது. அவன் என் தங்கை பார்வதியின் கணவன். அதற்கும் முன்பே என் சிநேகிதன். எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது ஒன்றே ஒன்று... கிட்டார்!

எழுபதுகளின் தொடக்கம். பொப் பாட்டும் பைலாவும் எங்கள் மலைகளில் காய்ச்சல்போலப் பரவியிருந்த காலம். ஆறு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். கோயில் திருவிழா, கல்யாணம், சங்கக் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அப்போது மின்சாரம் கிடையாது. தொழிற்சாலையில் இருந்தது, அதை அடுத்திருந்த என் குவார்ட்டர்ஸில் இருந்தது, பிள்ளைக் காம்பராவில் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்போம். ஒத்திகை முடிந்ததும் கருவிகள் எல்லாம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கிட்டாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் எப்படி இருப்பேன்! முழுப் பலகையில் இழைத்த உடம்பு. சிவப்பு நிறம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் மகன் விட்டுப்போனது, சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் சத்தம் ஊசிபோல இருக்கும். எத்தனை மேளம் முழங்கினாலும் நடுவே குத்திக்கொண்டு வெளியே வரும். அதைத் தோளில் மாட்டியவுடன் எனக்கு ஓரடி உயரம் கூடிவிடும்.

ஆனால் ஊசியை மட்டும் வைத்துச் சட்டை தைக்க முடியுமா? நூல் வேண்டாமா? மருதமுத்து ஒரு சாதாரண மரக் கிட்டாரை மைக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசிப்பான். அவன் வாசித்தது அவனுக்கே கேட்காது. அவனுக்கும் ஒரு மின்சாரக் கிட்டார் வாங்குவதென்று குழுவில் முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கம்பியும் மின்சாரமும் தெரிந்தவன் நான்தானே!

வெளிநாட்டுச் சாமான்கள் இறங்காத காலம் அது. பதுளைக் கடைவீதியில் ஹனிபா நானா மட்டும், பங்களாக்களைக் காலிசெய்து போகும் துரைமாரின் தட்டுமுட்டுகளை வாங்கி விற்றுவந்தார். என் சிவப்பியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதிதாக வருவது இவளோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா?

“ரெண்டு கிட்டார் ஈக்கி தம்பி,” என்றார் நானா. “ஒண்டு ஒங்கட சாமான் போலவே. மத்தது வேற சாதி. வயித்துல ஓட்டை. பாத்து எடுங்க.”

கடையில் பழைய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அதன் முதுகில் கிராமபோன் செருகும் துளை இருக்கும். அதில் கம்பியைச் செருகினால் ரேடியோவே ஒலிபெருக்கி! முதலில் என்னுடையதைப் போன்ற பலகைக் கிட்டாரை வாசித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஊசி. ஒரே குரலுள்ள இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சண்டையாகத்தான் கேட்கும்.

அடுத்ததை எடுத்தேன். தேன் நிறம். உள்ளே கூடான அகன்ற உடம்பு, மார்பில் வளைந்த இரண்டு துளைகள். தடித்த கம்பியை ஒருமுறை தட்டினேன்...

ஐயோ! என்ன குரல் அது! உருண்டு, கனிந்து, நெஞ்சுக்குள்ளிருந்து எழுவதுபோல வந்தது. நானா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அல்லாவே... ஆள் கதைக்கிற மாதிரியெல்லவா ஈக்கி!” என்றார். தெருவில் போன இருவர் நின்றுவிட்டார்கள். சிவப்பியில் ஒரு வரி வாசிப்பேன், கம்பியை மாற்றிச் செருகி இதில் அடுத்த வரி வாசிப்பேன். அது கேட்கும், இது பதில் சொல்லும்! அது மேலே ஏறும், இது கீழே இடம் விரித்துக் காத்திருக்கும்! இரண்டு மணி நேரம் அந்தக் கடையைவிட்டு நான் அசையவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு மயிர்க்கூச்செறிகிறது... வெட்கமில்லாத உடம்பு!

அந்தத் தேர்வு சரியானது. அன்றைக்கு என் மனத்தில் ஒரு துளி விஷம் கிடையாது, நம்புங்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, மருதமுத்துவின் முகம் எப்படி மாறும் என்று எண்ணி எண்ணிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மாறத்தான் செய்தது. பிள்ளைக் காம்பராவில் முதல் தடவை வாசித்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. “மச்சான், இது என்னா இப்புடிப் பேசுது!” என்றான். தொட்டிலில் கிடந்த அவன் மகள் தவமணி, ஆறு மாதக் குழந்தை, அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நாங்கள் இருவரும் அன்று நிறுத்தவே இல்லை. நான் ஓடினால் அவன் தாங்கினான், நான் தடுமாறினால் அவன் மூடினான். என் வாழ்நாளில் அதைவிடச் சிறந்த ஒரு பிற்பகல் வந்ததில்லை!

பிறகு எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழா. மாலை ஆறு மணிக்கு மேடை ஏறினோம். மூன்றாவது பாட்டுக்குள் கூட்டம் முழுவதும் எங்கே பார்க்கிறது என்பதை நான் கவனித்துவிட்டேன். இடைவேளையில் பெரிய கங்காணி மேடை ஓரமாக வந்தார். நல்ல மனிதர். நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

“தம்பி, ஒங்க சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கங்க. மருதை வாசிக்கிறது காதுல விழ மாட்டேங்குது.”

குறைத்தேன். சிரித்துக்கொண்டே குறைத்தேன்! உள்ளே ஏதோ ஒன்று கருகியது. நான் தேடிப்பிடித்த கிட்டார்... நான் சொல்லிக்கொடுத்த கை... நான் குறைக்க வேண்டுமாம்!

அந்த வகைக் கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் மரக் குதிரைக்கு அடியில் இரண்டு சிறு பித்தளைச் சில்லுகள் உண்டு. அவற்றைத் திருகினால் குதிரை உயரும், கம்பிகளும் உயரும். கம்பி உயர்ந்தால் அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும். விரல் ஒரு கணம் பிந்தும், மேலே போகப் போக சுருதியும் பிசகும். வாசிப்பவனுக்குத் தன் கைதான் சோர்கிறது என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை, என் குவார்ட்டர்ஸில், பட்டப்பகலில், அரைச் சுற்றுத் திருகினேன்.

அடுத்த வாரம் இன்னோர் அரைச் சுற்று. அதற்கடுத்த வாரமும். ஒரேயடியாகத் திருகினால் கண்டுபிடித்துவிடுவான் என்ற கணக்கு! ஒவ்வொரு முறையும் சுருதியை நானே திருத்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளவென்று அவன் கையில் கொடுத்தேன். அவனை வெறுத்தேனா? இல்லை. அதைச் சொல்லித்தான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்களா? வெறுத்திருந்தால் கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் பிடிக்கும்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ அவன் கேட்டான். “மச்சான், கம்பி ஒசந்தாப்புல இருக்கே?”

நான் குனிந்து பார்ப்பதுபோலப் பாவனை செய்தேன். “இந்தப் பனிக்கு மரம் கொஞ்சம் ஊதத்தான் செய்யும். என்னுதும் அப்படித்தான் இருக்கு, நான் வாசிக்கலையா? ஒன் வெரல்தான் வெறைச்சுப் போயிருக்கு மருதை. கத்தி புடிச்சுப் புடிச்சு...”

கவனித்தீர்களா? கத்தி என்ற சொல்லை அவன் காதில் போட்டவன் நான். அவன் தன் வலக் கையையும் இடக் கையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு சந்தேகமும் இல்லாமல், “ஆமா மச்சான், கவ்வாத்து வேலைதான் கெடுத்துருச்சு,” என்றான்.

கத்தி பிடிப்பது வலக் கை. கம்பியை அழுத்துவது இடக் கை. அதைக்கூட அவன் யோசிக்கவில்லை. நான் சொன்னால் அவனுக்கு அது போதும்!

பிறகு பார்வதி வந்தாள். “அண்ணே, வேலை விட்டு வந்ததும் கையையே மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு. டாக்டரையாகிட்டயும் காட்டியாச்சு. ஒண்ணுமில்லங்கிறாரு. நீதான் ஏதாச்சும் சொல்லேன்.” என் சொந்தத் தங்கை... நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்ச்சு விடு” என்றேன்! அவளும் தினமும் தேய்த்தாள்.

பெரகலயில் ஒரு கல்யாணம். அவன் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. விரல் பிந்தியது, சுருதி பிசகியது, முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டான். அந்த இடத்தை நான் சிவப்பியால் நிரப்பினேன். நன்றாகவே நிரப்பினேன். கைதட்டல் வந்தது.

மறு ஞாயிறு அவன் கிட்டாரை என்னிடம் நீட்டினான். “நீயே ரெண்டையும் வச்சுக்க மச்சான். எனக்குக் கை பத்தாது.”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை, சில்லைத் திரும்ப இறக்கிக் கொடுத்திருந்தால் போதும். உண்மையைச் சொல்லாமலேகூட, பழுதைக் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்லித் திருத்தியிருக்கலாமே! அந்தப் பொய்யாவது ஒரு நல்ல பொய்யாக இருந்திருக்கும். நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே எனக்காக அதை இறக்கினேன்.

பூனாகலைத் திருவிழாவில் தேன் நிறக் கிட்டாரை நான் வாசித்தபோது மருதமுத்து மேடைக்கு முன்னால் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். “பாத்தியா! கொற கிட்டார்ல இல்ல. ஒன் கையில என்னமாப் பேசுது!” என்று கத்தினான். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சந்தோஷமாக இருந்தது! அதுதான் என் குற்றத்தில் கடைந்தெடுத்த கேவலம். நான் சிலிர்த்துப்போய் நின்றேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று நான்கு மேடைக்குமேல் தாங்கவில்லை. இரண்டு கிட்டாரையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது என்ற சின்ன விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது! அது கேட்க, இது பதில் சொல்லும் என்றுதானே தேர்ந்தெடுத்தேன்? கேட்டுவிட்டு நானே காத்திருந்தேன். பதில் சொல்லும் கை தேயிலை மலையில் கத்தி பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டே வருடத்தில் குழுவும் கலைந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருதமுத்து குடும்பத்தோடு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தவமணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. பதுளையில் படிக்கிறாள். சுவரில் தொங்கிய தேன் நிறக் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றவள், மெதுவாக ஒரு கம்பியைத் தட்டினாள். பிறகு அதே கம்பியில் விரலை நகர்த்தி நகர்த்தி, பள்ளிக்கூடத்தில் பாடும் ஒரு பாட்டின் முதல் வரியைத் தானாகவே தேடிப் பிடித்தாள். ஓரிடத்திலும் பிசகவில்லை! யாரும் சொல்லிக்கொடுக்காத கை! நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

“மாமா, எனக்குப் பழக்கிக் குடுப்பீங்களா?”

நான் வாயைத் திறக்குமுன் மருதமுத்து சிரித்தான். கோபமில்லாத, ஆறிப்போன சிரிப்பு. “வேணாம் தவமணி. நம்ம கை கவ்வாத்துக் கை. அதுக்கெல்லாம் வராது. நான் பட்டவன் சொல்றேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மெய்யாவா மாமா?”

இல்லையம்மா என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் பார்வதி என்னைப் பார்ப்பாள், மருதமுத்து தன் கையைப் பார்ப்பான்...

“அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றேன்.

அவள் கம்பியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

நேற்று பார்வதி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பில் சேரச் சொல்லி ஆசிரியை கூப்பிட்டாராம். தவமணி மாட்டேன் என்றுவிட்டாளாம். எங்கள் குடும்பத்துக்குக் கை வராது டீச்சர், எங்கள் மாமாவுக்கே தெரியும் என்று சொன்னாளாம்.

நான், “அப்படியா?” என்று மட்டும் கேட்டேன்.