முகூர்த்தப் புடவையும் மூலையில் வந்த பெட்டியும்

பட்டுக் கடையில் கம்ப்யூட்டர் வேலை என்றால் டிசைன் போடுவது என்று நினைப்பீர்கள். பாதி நேரம் திரை மூலையில் குதிக்கிற நோட்டிபிகேஷனை மூடுவதுதான் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிளஸ் ஒன்னோடு நின்றவள். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில், கல்யாண வீட்டார் கேட்கும் நிறத்தையும் பார்டரையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, அதோடு இணைத்த பெரிய டிவியில் காட்டுவேன். பிடித்தால் தறிக்குப் போகும்.

முதலாளியின் மரியாதை

எந்த வெப்சைட் 'நோட்டிபிகேஷன் அனுப்பவா?' என்று கேட்டாலும் முதலாளி 'சரி' அமுக்குவார். ராசிபலன், தங்கம் விலை, சமையல், எல்லாம் உள்ளே. ஏன் சார் என்றேன்.

"வந்து கேக்குறாங்க, முடியாதுன்னு எப்படிமா சொல்றது? நாம கடை வெச்சிருக்கோம்."

அத்தை எழுந்தது

திருப்புட்குழியிலிருந்து ஒரு குடும்பம், முகூர்த்தப் புடவைக்கு. அரக்கு உடல், பச்சை பார்டர். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிவி மூலையில் சிவப்புப் பெட்டி: 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது'. வெறும் விளம்பரம். நான் மூடுவதற்குள் பெண்ணின் அத்தை சத்தமாகப் படித்துவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்தா ஆபத்துன்னு வருது. எழுந்திரிங்க."

எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தடவை இது வந்தா, டிவியும் வேணாம், நீயும் வேணாம்."

ஊமைக் கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம். 'சரி' அமுக்கியது அவர், வீட்டுக்குப் போவது நானா? பிரவுசர் செட்டிங்ஸைத் திறந்து, அவர் உள்ளே விட்ட சைட் எல்லாவற்றையும் நீக்கினேன். இனி எதுவும் அனுமதியே கேட்கக் கூடாது என்று வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே நோண்டியது. மறுநாள் காலை முழுக்க ஒரு 'டிங்' இல்லை. புடவை மடிக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, சத்தமே காணோம். உடைச்சிட்டியா?"

மறுபடியும் அத்தை

அந்த அரக்குதான் வேண்டும் என்று பெண் அடம்பிடித்ததால் அதே குடும்பம் திரும்பி வந்தது. அதையே போட்டேன். அத்தை புடவையைப் பார்க்கவேயில்லை, மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார். காபி வந்தது, குடித்து முடித்தார்கள். மூலை காலியாகவே இருந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காமாட்சிகிட்ட உத்தரவு கேட்டுக்கினுதான் வந்தேன், எதுவும் வரலைன்னா எடுத்துக்கலாம்னு. வரலைமா. தறிக்கு அனுப்பு."

உத்தரவு கொடுத்தது காமாட்சியாகவே இருக்கட்டும், செட்டிங்ஸை மாற்றியது நான்.