பெரியம்மாவின் பச்சை ஸ்வெட்டர்

சாலையின் பாதியை அடைத்துப் பாய்களை விரித்துக் கிராம்பு காயப்போட்டிருந்தார்கள். எங்கள் லாரி ஒதுங்கி ஒதுங்கிப் போனபோதெல்லாம், வெயிலில் சூடேறிய அந்தக் கார நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைத்தது. அந்த மலைப்பாதையில் பஸ் கிடையாது. குறுக்கே பலகை அடித்த லாரிதான் ஆட்களையும் பன்றிக்குட்டிகளையும் மண்ணெண்ணெய் கேன்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மேலே போகும். எனக்கு அப்போது பத்து வயது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மிஞ்சிப்போனால் வேப்பம்பட்டு அத்தை வீடு வரை போயிருந்த நான், விமானம், கப்பல், லாரி என்று மாறி மாறி ஏறி, இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் என் அம்மா பிறந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பெயர் தெரேசா. பதினெட்டு வயதில் மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அங்கே வெல்டராக இருந்த என் நைனாவை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்துப் பழகி, கல்யாணம் செய்துகொண்டு, சிப்காட்டை ஒட்டிய எங்கள் காலனிக்கு வந்து சேர்ந்தாள். தெருவுக்கு அவள் "மலேசியாக்கா". சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்த அவளை வளர்த்தது அவளுடைய அக்கா. அந்த அக்காவுக்கு அம்மா எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் வந்ததில்லை. அந்த மலைக்குத் தபால் ஒழுங்காகப் போய்ச் சேராது, ஊரில் போனும் கிடையாது. நைனா வேலை பார்த்த இரும்பு ஆலையில் ஒருமுறை நீண்ட "ஷட்டவுன்" விட்டபோது, "எத்தினி நாளு இப்டியே அழுதுனு இருப்ப? வா, போய்ப் பாத்துனு வந்துரலாம்" என்று நைனா கிளம்பிவிட்டார்.

ஊர் வாசலில் நாங்கள் இறங்கியதும் கேட்டது வரவேற்பல்ல, அலறல். தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து ஊற்றிலிருந்து மேலே ஏறி வந்த பெண்களில் ஒருத்தி அம்மாவைப் பார்த்தாள். கேனைக் கீழே போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டே ஓடினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள். அம்மா சிரித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அக்கா வீடு மூங்கில் பிளாச்சுச் சுவரும் தகரக் கூரையும் மண் தரையுமாக இருந்தது. வாசலில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி சோளம் உரித்துக்கொண்டிருந்தார். என் பெரியம்மா. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பின்வாக்கிலேயே நகர்ந்து உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

ஒன்றும் புரியாமல், கால் வலியில், முற்றத்தில் இருந்த மேடையில் நான் உட்கார்ந்தேன். வெள்ளை டைல்ஸ் பதித்த மேடை. அந்த வீட்டிலேயே சிமென்ட் பார்த்தது அது ஒன்றுதான். ஒரு முனையில் சிலுவை, அதில் எழுத்துகள். பள்ளியில் ஆங்கிலம் படிக்கிற பெருமையில் நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். தெ, ரே, சா. தொடர்ந்து அம்மாவின் குடும்பப் பெயர். நைனா என்னைச் சட்டென்று தூக்கித் தரையில் நிறுத்தினார். அந்த ஊரில் இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைப்பார்கள் என்று அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை.

"இன்னாம்மா இது?" என்றார் நைனா. அம்மா குனிந்தாள். தன் பெயரின் மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தடவிப் பார்த்தாள்.

கதவுக்கு உள்ளேயிருந்து பெரியம்மா பேசினார். அந்தப் பேச்சை அம்மா பிற்பாடு பல தடவை எங்கள் ஊர்த் தமிழில் சொல்லியிருக்கிறாள்: "நீ செத்துட்ட. பொட்டில வந்த. நான்தான் மண்ணு போட்டேன். இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

"அக்கா, கதவத் தொற. என் கையத் தொட்டுப் பாரு."

வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. அந்தக் கை அம்மாவின் முழங்கையைக் கிள்ளியது. பிறகு பெரியம்மா வெளியே பாய்ந்து வந்து அம்மாவைத் தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தார். அடித்து ஓய்ந்து, அதே கைகளால் கட்டிக்கொண்டார். மூடியிருந்த கதவுகள் திறந்தன. யாரோ கோயில் மணியை அடிக்கப் போனார்கள்.

அந்த அணைப்பிலிருந்து முதலில் விலகியது அம்மாதான். பெரியம்மாவின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து, கைப்பகுதியில் சிவப்பு நூலால் தைத்திருந்த ஒட்டுத்துணியைப் பார்த்தாள்.

"இது யாருது?"

"உன்னுதுதான். பொட்டியோட வந்துது. குளுருக்கு இதத்தான் போட்டுக்கறேன்."

"என்னுது இல்லக்கா. யூலியானாவுது."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயில் அந்தப் பெயரை நாங்கள் அன்றுதான் முதல்முறை கேட்டோம்.

மலேசியாவில் ஒரே வீட்டில் வேலைக்கு இருந்தவர்கள் இருவரும். யூலியானா பக்கத்திலுள்ள திமோர் தீவுக்காரி. அடியும் பட்டினியும் பொறுக்க முடியாமல் இருவரும் தப்பித்துவிடத் தீர்மானித்த சமயத்தில் யூலியானாவுக்குக் கடுமையான காய்ச்சல். "நீ போ, நான் சரியானதும் வரேன்" என்று சொல்லிப் பின்கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். அம்மா பூசைக்குப் போனதும் நைனாவைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான். யூலியானா எப்படியும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள் என்றே அம்மா நம்பியிருந்தாள். அவள் அந்த வீட்டிலேயே செத்துப்போயிருக்கிறாள். வேலைக்கு ஆள் பிடித்துத் தந்த ஏஜெண்ட், ஒருத்தி ஓடிப்போனாள், ஒருத்தி இறந்துபோனாள் என்பதில் எவள் எவளென்று பார்க்காமலே பெட்டியை அனுப்பியிருக்கிறான். திறக்கக் கூடாது என்று சொன்னதால் யாரும் திறக்கவில்லை.

"அவனுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

நாங்கள் அங்கிருந்த நாட்களில் நான் பார்த்த மற்றவையும் என்னை உலுக்கின. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை மூங்கிலில் கட்டிய துணித் தூளியில் வைத்து, சறுக்கும் மலையில் நான்கு பேர் இறக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வேளையும் சோளம்தான். மின்சாரம் இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் எங்கள் காலனி அப்போது எனக்குப் பெரிய பட்டணமாகத் தோன்றியது. ஆனால் ஊரார் பேச்செல்லாம் அந்தக் கல்லறையைப் பற்றித்தான். முன்பின் தெரியாதவளை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது, தோண்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம் என்றார் பெரியப்பா. பெரியம்மா எழுந்து நின்றார்.

"தெனம் மெழுகுவர்த்தி வெச்சது நானு. பேருதான் மாறிப் போச்சி, அழுதது இவளுக்குதான். இவ இங்கதான் இருப்பா. மொதல்ல இவளப் பெத்தவங்களுக்குச் சொல்லணும்."

பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் திமோருக்குக் கப்பல் ஏறினோம். காய்ந்த ஆற்றுப் படுகையை ஒட்டியிருந்த யூலியானாவின் ஊரைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். அவளுடைய அப்பா மட்டும்தான் உயிரோடிருந்தார். மலேசியாவில் மகளோடு இருந்தவள் என்று தெரிந்ததும், ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டு, அம்மா உட்காருவதற்குள் கேட்டார்: "எப்ப வரா?"

அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் முற்றத்துக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவளுக்கு யாராவது அழுதாங்களா?"

"நான் அழுதேன்" என்றார் பெரியம்மா. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அவர் மடியில் வைத்தார். அப்போதுதான் அந்த மனிதர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மகளைத் தோண்டி எடுத்துவர அவர் சம்மதிக்கவில்லை. அவளுக்கு அங்கே ஒரு அக்கா இருக்கிறாள் என்றாராம். சிலுவையில் பெயர் மாறியது. அவர் உயிரோடிருந்தவரை ஆண்டுக்கு ஒருமுறை கடல் தாண்டி வந்து, பெரியம்மா வீட்டில் தங்கிப் போனார்.

எங்கள் காலனிக்குப் பின்னால் பனந்தோப்பும் சிறு குட்டையும் இருந்தன. இப்போது அவை இல்லை. அந்த இடத்தில் கம்பெனி ஹாஸ்டல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வரும் பெண்கள் அங்கே தங்குகிறார்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் டீக்கடைக்கு வரும் நேரம் பார்த்து அம்மாவும் போய் நிற்பாள். புதுமுகம் ஒன்றைக் கண்டால், அரைகுறை இந்தியில் பெயர், ஊர், அப்பா பெயர் மூன்றையும் கேட்பாள். சிலர் சிரிப்பார்கள், சிலர் பயந்து விலகுவார்கள்.

"இன்னாத்துக்கும்மா ஒனக்கு இந்த பேஜாரு?" என்று போன வாரம் கேட்டேன்.

அம்மா கையைக் காட்டி என்னைத் தடுத்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஒரு பெண் சொல்லிவிட்டுப் போன மூன்று பெயர்களை, மறந்துவிடாமலிருக்க, வீடு வரை சொல்லிக்கொண்டே நடந்தாள்.