அவர் நிறுத்தி வாசித்த இடங்கள்

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் தேவாலய வாசிகசாலைக்கு மதிய வேளையில் இரண்டு பேர்தான் வருவோம். ஒருவன் நான். சபைப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன். எழுத ஏதாவது அகப்படாதா என்று வேதாகமத்தை அவசரமாகப் புரட்டுவேன். மற்றவர் துறைமுகக் காவலாளி. நெடிய, ஒடுங்கிய மனிதர். நீலச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். சோற்றுப் பார்சலை முடித்துக் கை கழுவி வந்து, யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து சுவிசேஷத்தை மெல்லிய குரலில் வாசிப்பார். ஒரு வசனம் முடிந்ததும் நிறுத்தி, பக்கத்து வெறுங்கதிரைப் பக்கம் தலையைச் சாய்ப்பார். பிறகுதான் அடுத்த வசனம்.

எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

“நான் வாசிச்சுத் தரட்டோ, அண்ணை?”

அவர் கோபப்படவில்லை. “வேண்டாம். என்ர மனுசிக்குக் கண் தெரியாது. நான்தான் வாசிச்சுக் காட்டுறனான். ஒவ்வொரு வசனத்துக்கும் ஏதாவது கேள்வி கேப்பா. எனக்கு எரிச்சல் வரும்.”

“இப்ப அவ?”

“தவறிப் போயிட்டா. எண்டாலும் நிப்பாட்டாமல் வாசிக்க ஏலாமல் கிடக்கு.”

“கேள்வி வருதோ?”

“ஓம், வருது. பதில்தான் தெரியேல்ல.”

பாலையூற்றில் நான் தனியே இருக்கும் அறையில், இப்போது நானும் வாய்விட்டு வாசித்து வசனத்துக்கு வசனம் நிறுத்துகிறேன். சில நாள் அந்த மௌனத்தில் ஒரு கதை தொடங்குகிறது. பல நாள் மின்விசிறிச் சத்தம் மட்டுந்தான். தான் யாருக்காக நிறுத்துகிறார் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒருவரும் இருந்ததில்லை. ஆனாலும் அறையிலுள்ள மற்றக் கதிரையில் உடுப்புகளைக் குவித்துப் போடுவதை விட்டுவிட்டேன்.