‘ம்’ கொட்டத் தெரியாத பெண்ணோடு ராஸ் அல் கைமாவுக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. பஹ்ரைன் ஈசா டவுனில் எங்கள் கட்டிடத்து வாசலில் டாக்சி நின்றபோது, என் மகள் நிலா கண்ணாடிக் கதவைப் பார்த்து இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் பயந்துபோய் அவளுக்கு ஒரு சலாம் வைத்தார். “அது ஜப்பான்காரருக்குப் போடுற கும்பிடு, உங்களுக்கில்ல பாய்” என்று இந்தியில் சமாதானம் சொல்லிவிட்டுப் பெட்டியை ஏற்றினேன்.

ஒரு பெட்டி, ஒரு கைப்பை, ஒரு டப்பா எலுமிச்சை சாதம். நானும் மகளும் மட்டுமாக இதுவரை எங்கேயும் போனதில்லை. என் கணவர் இருந்தால் இதற்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் விமான நிலையத்தில் உட்கார வைத்துவிடுவார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நிலாவுக்கு இருபத்திரண்டு வயது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் பஹ்ரைனில். தமிழ் புரியும், ஆத்திரம் வந்தால் பேசவும் வரும். ஆனால் கனவு காண்பதும் கணக்குப் போடுவதும் ஆங்கிலத்தில்தான். அவள் தாய்மொழி எது என்று கேட்டால், தாயான நான் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. இப்படிப்பட்டவள் மூன்று வருடமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜப்பானிய மொழி படித்தாள். சுவர் முழுக்க எழுத்து அட்டைகள். ஃப்ரிட்ஜில்கூட ‘ஃப்ரிட்ஜ்’ என்று ஜப்பானிய மொழியில் ஒட்டியிருந்தாள். கடைசிக்கு முந்தைய நிலைத் தேர்வு வரை தேறிவிட்டாள். அந்தத் தேர்வில் வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், பேசச் சொல்வதில்லை.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் புது இயந்திரம் பொருத்த ஜப்பானிலிருந்து பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் தேவை. நிலா விண்ணப்பித்தாள். போன வாரம் வீடியோ காலில் நேர்காணல். சமையலறையில் நின்று நான் ஒட்டுக்கேட்டேன். மொரிதா என்கிற பெரியவர் பேசுவார், பேசுவார், திடீரென்று நிறுத்தி “மோஷி மோஷி?” என்பார். நம் ஊர் ‘ஹலோ, லைன்ல இருக்கீங்களா’தான் அது. இவள் “இருக்கிறேன், கேட்கிறது” என்பாள். மறுபடி பேசுவார், மறுபடி “மோஷி மோஷி?” இருபது நிமிடத்தில் ஒன்பது முறை.

“எல்லாமே புரிஞ்சுதும்மா. ஒவ்வொரு வேர்டும். நெட்தான் கெடுத்துடுச்சு” என்று அழுதாள். நான் அன்றைக்கே போய்ப் புது ரவுட்டர் வாங்கிவந்தேன். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சண்டையும் போட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாக, “மேடம், உங்க லைன்ல ஒரு குறையும் இல்லை” என்றார். யார் நம்பினார்கள்?

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சல்: சனிக்கிழமை நேரில் வந்து அரை நாள் வேலை செய்து காட்டவும். இதுதான் கடைசி வாய்ப்பு. இது கிடைக்காவிட்டால் ஜப்பானை மூட்டைகட்டி வைத்துவிட்டுச் சென்னையில் எம்.காம். சேர வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஒப்புக்கொண்ட அன்று அவள் சாப்பிடவில்லை.

காலை 9.20க்கு விமானம். கீழே கடல் பச்சையும் நீலமுமாக விரிந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான் கல்யாணமாகி முதன்முதலில் பஹ்ரைனில் வந்து இறங்கிய கதையை ஆரம்பித்தேன். “உங்கப்பா வரல. பெட்டி மேல உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு…” நிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சுவரோடு பேசுவது போலிருந்தது. எப்போதும் இப்படித்தான். பெட்டி மேல் உட்கார்ந்த இடத்தோடு அந்தக் கதை நின்றுவிடும். “சரி விடு, நீ படி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

துபாயில் இறங்கியபோது அங்கே மணி 11.35. ஒன்றே கால் மணி நேரப் பறத்தல், ஒரு மணி நேரம் கடிகாரம் முன்னால் ஓடிவிட்டது. வெளியே எங்கள் பெயரெழுதிய அட்டையோடு செல்வம் நின்றார். பரமக்குடிக்காரர், பதினோரு வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிறார். ராஸ் அல் கைமா வரை தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், 220 திர்ஹம், டோல் அவர் கணக்கு என்று போனிலேயே பேசியிருந்தோம்.

“வாங்கக்கா. பாப்பா, பின்னாடி ஏசி பத்தலேன்னா சொல்லு” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

முன்னூற்றுப் பதினொன்றாம் எண் சாலை. ஷார்ஜா தாண்டும் வரை லாரியும் காருமாக நகர்ந்தோம். அஜ்மானைக் கடந்ததும் சாலை அகலமாகி, இரண்டு பக்கமும் செம்மணல் மேடுகள் எழுந்தன. ‘ஒட்டகம் குறுக்கே வரும்’ என்று படம் போட்ட பலகையைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன். இத்தனை வருடம் வளைகுடாவில் இருந்துகொண்டு ஒட்டகப் பலகைக்குக் கைதட்டுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உம் அல் குவைன் தாண்டும்போது செல்வத்துக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. காதில் மாட்டியிருந்த கருவியைத் தட்டி, “சொல்லு” என்றார். அதற்குப் பிறகு அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசவே இல்லை.

“ம்… ம்… சரி… ம்… அட!… ம்… அப்புறம்?… அப்பிடியா சொன்னாக?… ம்… ம்…”

பத்து கிலோமீட்டர் இப்படியே போயிற்று. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். நிலா மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தாள். அழைப்பு முடிந்ததும் கேட்டாள்.

“அண்ணா, சாரி… ஏன் நடுவுல நடுவுல ம் ம்னு சொல்லிட்டே இருந்தீங்க?”

“இதென்ன பாப்பா கேள்வி? நம்ம வீட்டுக்காரி பேசுது. நாம ம் கொட்டலேன்னா லைன் கட்டாயிருச்சுன்னு வச்சிட்டுப் போயிரும். இல்லேன்னா, ‘கேக்குறீகளா இல்லையா, நான் என்ன செவுத்துக்கா பேசுறேன்’னு சண்டைக்கு வரும்.”

நிலா பின்னால் சாய்ந்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா! நெட் இல்லம்மா. நெட் ப்ராப்ளமே இல்ல. நான்தான்!”

அவள் பாதி ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்ததன் சாரம் இது. ஜப்பானியர்கள் பேசும்போது கேட்பவர் சும்மா இருக்கக் கூடாது. மூச்சுக்கு ஒரு முறை “ஹாய்”, “ஏஏ”, “நருஹோதோ”, அதாவது ‘சரி’, ‘அட’, ‘ஓ, அப்படியா’ என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பெயரே உண்டாம். பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் வந்தது. தேர்வுக்கு வராது என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள். ஆங்கிலத்தில் மரியாதை என்றால் எதிராளி பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் கண்ணைப் பார்ப்பது. அதைத்தான் அந்த வீடியோ காலிலும் செய்தாள். அந்தப் பெரியவர் லைன் போய்விட்டது என்று ஒன்பது முறை பயந்திருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மரியாதையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ‘அடுத்தவர் பேசும்போது குறுக்கே சத்தம் கூடாது’ என்று வகுப்பில் எழுதிப் போட்டிருப்பவள். வீட்டிலும் அதையேதான் எல்.கே.ஜி. காலத்திலிருந்து ஓதினேன், அதுவும் ஆங்கிலத்தில். பெண் மிக நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்! பிறகு அவளிடம் பேசினால் சுவரோடு பேசுவது போலிருக்கிறது என்று நானே குறைப்பட்டுக்கொள்கிறேன். ரவுட்டரைத் திட்டிய வாயால் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

“அண்ணா, ஒரு ஸ்டோரி சொல்லுங்க, ப்ளீஸ். நான் ம் சொல்லிப் பாக்கணும்” என்றாள் நிலா.

செல்வத்துக்கு உற்சாகம் பிடிபடவில்லை. “போன வருசம், இதே ரோட்டுல…”

“நருஹோதோ!” என்றாள்.

“பாப்பா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே.”

நான் சிரித்த சிரிப்பில் எலுமிச்சை சாத டப்பா மடியிலிருந்து விழுந்துவிட்டது. ஒரு ஒட்டகம் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் அவரை நகரவிடாத கதையை அவர் மூன்று தடவை சொன்னார். முதல் தடவை அவள் எல்லா இடத்திலும் ‘ஹாய்’ போட்டாள். இரண்டாம் தடவை தப்பான இடத்தில் ‘அப்படியா’ என்று ஆச்சரியப்பட்டாள். மூன்றாம் தடவை ஒட்டகம் எழுந்திருக்கும் இடத்தில் சரியாக மூச்சை இழுத்து “ஏஏ!” என்றாள். செல்வம் ஸ்டீயரிங்கில் தட்டி, “கலாஸ், முடிஞ்சிருச்சு! வேலை உனக்குத்தான்” என்றார். சாலையோரக் கடையில் மூன்று கரக் டீ வாங்கினேன். ஒரு டீ இரண்டு திர்ஹம். ஏலக்காய் வாசனையோடு கொதிக்கக் கொதிக்க இருந்தது. தூரத்தில் ராஸ் அல் கைமாவின் மலைகள் சாம்பல் நிறத்தில் தெரிய ஆரம்பித்தன. பஹ்ரைனில் மலை ஏது? நிலா படம் எடுத்துத் தள்ளினாள்.

இரவு ஓட்டலில் தங்கினோம். சனிக்கிழமை காலை 7.40. தொழிற்சாலை வாசலில் பாஸ் கொடுத்தார்கள். நிலாவுக்கு மஞ்சள் ஹெல்மெட், இரும்பு முனை வைத்த ஷூ. ஷூ ஒரு அளவு பெரியது. என்னைப் பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்கள். பெரிய கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கூடம் முழுவதும் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மொரிதா ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும், சட்டைப் பையில் நான்கு பென்சில். அவர் பேச வேண்டும், நிலா அதை இரண்டு சூப்பர்வைசர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் என் மகளின் வாயை மட்டும் பார்த்தேன். மூடியிருந்தது. அவர் பேசுகிறார், இவள் கண்ணைப் பார்க்கிறாள். ‘அடிப்பாவி, எல்லாம் மறந்துவிட்டாயா’ என்று முணுமுணுத்தேன். கண்ணாடியைத் தட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

மொரிதா நிறுத்தினார். அதே தயக்கம். அவள் தலை ஒரு முறை அசைந்தது, வாய் திறந்து மூடியது. அவர் தொடர்ந்தார். மறுபடி அசைந்தது, மறுபடி திறந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கை நீண்டது, பென்சில் வெளியே வந்தது, குரல் கேட்காவிட்டாலும் பேச்சில் வேகம் பிடித்தது தெரிந்தது. நான் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, அவள் தலை அசையும்போதெல்லாம் “ம்… ம்…” என்று கொட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொண்டுவந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்கு ஒரு சிக்கல். நிலா திடீரென்று கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். தலை தாழ்த்தி ஏதோ சொன்னாள். மொரிதாவின் முகம் இறுகிற்று. சூப்பர்வைசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குச் சென்னையும் எம்.காமும் கண்ணில் வந்து நின்றன. பிறகு மொரிதா குனிந்து, உடைந்த டைல் துண்டு ஒன்றை எடுத்து, அதன் முதுகில் பென்சிலால் படம் வரைய ஆரம்பித்தார். மூன்று தலைகளும் அதன் மேல் குனிந்தன.

பன்னிரண்டு மணிக்கு அவள் அந்தப் பெரிய ஷூவில் தடதடவென்று ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“கெடச்சிருச்சும்மா! அடுத்த மாசத்துலேர்ந்து!”

கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன். வெட்கமே படவில்லை. ஒன்பதரைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

“ஒரு விஷயத்துக்குப் புரியாமலே ஹாய் சொல்லிட்டேம்மா. சைட்ல எல்லாரும் யெஸ் சார், ஓகே சார்னு சொல்ற மாதிரி. தப்பா சொல்லிட்டா யாராவது தப்பான வால்வைத் திறப்பாங்க. அதான், ‘இப்ப சொன்ன ஹாயைத் திரும்ப எடுத்துக்கறேன், மறுபடி சொல்லுங்க’ன்னு கேட்டேன்.”

கிளம்பும்போது மொரிதா எனக்கும் குனிந்து வணக்கம் சொல்லி, நிலாவைக் காட்டி இரண்டு வார்த்தை பேசினார். அவள் மொழிபெயர்த்தாள்: “அன்றைக்குக் காலி அறையில் பேசுவது போலிருந்தது. இன்றைக்கு ஆள் இருக்கிறார்.” நான் என்னையறியாமல் “ம்” என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

திரும்பக் கூட்டிப்போகச் செல்வம் வாசலிலேயே காத்திருந்தார். செய்தியைச் சொன்னதும், “அந்த ஒட்டகத்துக்குத்தான்க்கா நன்றி சொல்லணும்” என்றார்.

மாலை 5.40க்குத் துபாயில் ஏறினால் 5.55க்கு பஹ்ரைனில் இறங்கலாம் என்று டிக்கெட் சொன்னது. வரும்போது பறிபோன ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் இதே வழியில் அடுத்த மாதம் அவள் மட்டும் போவாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய அட்டை இருக்கும், அவள் இருக்கமாட்டாள். இவ்வளவு நேரம் பறந்துகொண்டிருந்த மனசு அப்போதுதான் தரையைத் தொட்டது. அதைச் சொல்லத் தெரியாமல், விமானம் மேலெழும்பியதும் நான் பழைய கதையையே எடுத்தேன்.

“உங்கப்பா வரல. பெட்டி மேல உக்காந்திருக்கேன்…”

“ம்” என்றாள் நிலா.

நான் திரும்பிப் பார்த்தேன். ஹெட்போன் அவள் மடியில் கிடந்தது.

“ஒரு மணி நேரம் ஆச்சு.”

“ம்.”

“ரெண்டு மணி நேரம் ஆச்சு. பாஷை தெரியாது, கையில போன் கிடையாது.”

“அய்யோ… அப்புறம்?”

அப்புறம் என்ன நடந்தது என்று இருபத்து நான்கு வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. விமானம் இறங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டுமே என்று அவசர அவசரமாக ஆரம்பித்தேன்.