தண்ணீர் தெளித்த மூலை

பூச்சிமருந்துக் கிடங்கில் அவளுக்குப் பெயர் பவுடரம்மா. மருந்து எங்கே சிந்தினாலும், கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வெள்ளைப் பொடியைத் தூவுவது அவள் வேலை. அது 'நானோ' ரகப் பொடி, ஒவ்வொரு துகளும் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கியது. விஷத்தை உறிஞ்சி அதன் வீரியத்தை முறித்துவிடும். "தரைக்குப் பவுடர் போடறவளுக்குத் தன் மூஞ்சிக்குப் போட நேரமில்ல" என்று கேலி பேசுகிறவன் வேறு யாருமில்லை, அதே கிடங்கில் பீப்பாய் உருட்டும் அவள் புருஷன்தான்.

அன்று மாலை ஒரு பீப்பாய் ஓட்டையாகி, பின்சுவர் மூலைவரை மருந்து ஓடிவிட்டது. ஆட்களை வெளியேற்றியாயிற்று. அவளும் மேற்பார்வையாளரும் மட்டும் உள்ளே. வாசலிலிருந்து தூவிக்கொண்டே போனவள் மூலைக்கு வந்தாள். கை சும்மா இருந்ததா? பல வருஷம் தெரு கூட்டிய கை. தூசி பறக்காமலிருக்க முதலில் தண்ணீர் தெளித்தே பழகியது. பூட்ஸ் கழுவ வைத்திருந்த வாளியிலிருந்து நாலு கை தெளித்துவிட்டுத்தான் பொடியைக் கொட்டினாள். அது கட்டிகட்டியாகத் திரண்டபோதுதான் உறைத்தது. ஐயோ, பொடி தண்ணீரைக் குடித்துவிட்டால் விஷத்துக்கு அதில் இடம் ஏது!

"சார், நான் தண்ணி தெளிச்சுத் தொலைச்சிட்டேன். இந்த மூலைக்கு மறுபடி போடணும்."

"இருந்ததே அந்த ஒரு மூட்டைதாம்மா. இன்னொண்ணு வர்றவரைக்கும் கிடங்கை மூடி வைக்க முடியுமா? காலையில திறந்தாகணும். விடு, அந்த மூலைக்கு யார் போகப்போறா?"

யார் போவார் என்று அவளுக்கல்லவா தெரியும்! உள்ளே சாப்பிடக் கூடாது என்று போர்டு தொங்கியும், வெயிலுக்குப் பயந்து அங்கே சாக்கை விரித்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற மகாராஜா ஒருவர் உண்டு. சொன்னால் அவன் வேலைக்கு அவளே உலை வைத்ததாகும். அவனிடம் தனியாகச் சொல்லிவைக்கலாம் என்றால், அவள் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறான்?

"என் வீட்டுக்காரர் போவார் சார். தினமும் அங்கதான் உட்கார்ந்து சாப்பிடறார்."

மேற்பார்வையாளர் அவளை வெளியே வரச் சொன்னார். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

புது மூட்டை வந்து, மூலை சுத்தமாகி, கிடங்கு திறந்த அன்று அவனைக் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். நல்லவேளை, வேலை தப்பியது. மதியம் வெளியே படிக்கட்டில், மண்டையைப் பிளக்கும் வெயிலில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துட்டியேடி!"

"ஆமா, கொடுத்தேன்" என்றாள் அவள். "திட்டறதுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கீங்கல்ல, நல்லா திட்டுங்க."