ஃபேக்ஸ் கட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாப்

எங்கள் தொழிற்சாலையில் ஃபேக்ஸ் மெஷினை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் உச்சரித்த சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் முகவரிக்கு, தாலுகாவுக்கு, ரத்த வகைக்கு எல்லாம் ஒரு கட்டம் உண்டு. கம்பெனி பஸ்ஸில் யார் எங்கே ஏறி இறங்குகிறார் என்று எழுத மட்டும் கட்டம் கிடையாது. ஃபேக்ஸ் நம்பருக்கான கட்டம் சும்மா கிடந்தது. எனக்கு முன்னால் ஊழியர் பிரிவில் என் நாற்காலியில் இருந்த ஒரு புண்ணியவான் அதில் பஸ் ஸ்டாப்பை எழுத ஆரம்பித்துவிட்டார். நானும் அப்படியே தொடர்ந்தேன். சனிக்கிழமைதோறும் மெனுவைத் திறந்து ஃபேக்ஸ் என்பதை அழுத்தினால் ஆரம்பாக்கம், எளாவூர், கவரைப்பேட்டை என்று ஸ்டாப்புகள் வரிசையாக விழும். அதை வைத்து அடுத்த வாரத்துக்கு ரூட் ஷீட் போடுவேன். "மேடம், புதுசா வந்த ஆளுக்கு இன்னா ஃபேக்ஸு?" என்றுதான் டிரைவர்கூடக் கேட்பார்.

பழவேற்காட்டிலிருந்து வந்தவர்களில் பெண் ஒருத்திதான். பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் வாப்பாவுக்கு அங்கே பஜாரில் கடை. பெண் வேலைக்குப் போவதில் அவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை. அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கியிருந்தாள். அதற்கும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வரும்போது கம்பெனி பஸ் பள்ளிவாசல் தெரு முனையில் இறக்கிவிட வேண்டும், அவர் அங்கே நிற்பார். இல்லையென்றால் வேலை கிடையாது. அவள் ஃபேக்ஸ் கட்டத்தில் 'பள்ளிவாசல் தெரு முனை' என்று அடித்ததே நான்தான். அதைத் திரையில் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க தெரு கம்ப்யூட்டர்ல வந்துருச்சு" என்று சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை சாஃப்ட்வேர் புது முகத்தோடு வந்து நின்றது. மெனுவுக்கு மேலே தேடும் பெட்டி, பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். உங்கள் வசதிக்காக, இக்காலத்தில் பயன்படாத கட்டங்களை மெனுவிலிருந்து நீக்கியிருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பும் இருந்தது. தேடும் பெட்டியில் ஃபேக்ஸ் என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பையன் பேசினான்.

"டேட்டா எங்கயும் போகல மேடம், சேஃபா இருக்கு. மெனுல மட்டும்தான் காட்டாது."

"காட்டாத டேட்டாவ வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிட்டேன் மேடம்."

அதற்குள் தலைமை அலுவலகம் முந்திக்கொண்டது. மெனுவில் இருந்த தாலுகாவை வைத்து அவர்களே ரூட் போட்டு டிரைவர்களின் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். பழவேற்காடு பொன்னேரி தாலுகா. அதனால் பஸ் பொன்னேரியோடு திரும்பிவிடும். ஆண்கள் பொன்னேரி ஸ்டேஷனில் பைக்கை நிறுத்திவிட்டு வரத் தொடங்கினார்கள். அவள் என்ன செய்வாள்? செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பொன்னேரி போய்ச் சேரும் நேரத்துக்குப் பழவேற்காட்டுக்கு டவுன் பஸ் ஏது?

டிரைவரிடம் கெஞ்சினேன். இரண்டொரு நாள் மனசு கேட்காமல் அவளைத் தெரு முனைவரை கொண்டுபோய் விட்டார். கிலோமீட்டர் அதிகம் என்று பஸ் கான்ட்ராக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்னிய பேஜாரு பண்ணாத மேடம். வண்டி எங்க போவுதுன்னு போன்லயே பாத்துக்கினு இருக்கானுங்க" என்றார். மேனேஜரிடம் போனேன். அவர் புதுத் திரையை என் பக்கம் திருப்பி, "இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு பாரும்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது, இன்னொரு முறை உதவி மையத்துக்குப் போன் போட்டதுதான். என் கருத்தை மறுபடியும் பதிவு செய்துகொண்டார்கள்.

அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "வாப்பா வேணான்ட்டாரு அக்கா" என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "கம்ப்யூட்டர் சரியாச்சுன்னா சொல்லுங்க. நான் கேட்டுப் பாக்கறேன்." சரி என்றேன்.

பிறகு ஒரு நாள் சாஃப்ட்வேர் மறுபடியும் மாறியது. வாடிக்கையாளர் விருப்பத்துக்கிணங்க என்று ஒரு அறிவிப்போடு ஃபேக்ஸ் திரும்பி வந்துவிட்டது. எங்களைப் போல எத்தனை அலுவலகங்களில் அந்தக் கட்டத்தில் என்னென்ன எழுதி வைத்திருந்தார்களோ! கையில் போனை எடுத்து வைத்துக்கொண்டே மெனுவைத் திறந்தேன். ஆரம்பாக்கம், எளாவூர், கவரைப்பேட்டை, பழவேற்காடு மார்க்கெட், எல்லாம் இருந்தன. பள்ளிவாசல் தெரு முனை இல்லை. இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் புது வசதியைச் சொல்லியிருந்தார்கள்: தற்போது பணியில் உள்ளவர்களின் விவரங்கள் மட்டுமே மெனுவில் காட்டப்படும்.

அவளுக்குப் போன் செய்தேன். அவள் வாப்பா எடுத்தார். நான் யாரென்று சொல்லி, கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்றேன். "இனிமே எதுக்கும்மா?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.