வில்மாவின் ஒட்டுக் கண்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். 1935இல், ஹாலிவுட்டில், பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நான் ஐடா. லாஸ் ஏஞ்சல்ஸ் சைனாடவுனில் பிறந்தவள். ஒரு ஸ்டுடியோவில் மேக்கப் உதவியாள். அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு காதல் நகைச்சுவைப் படம். கதாநாயகி சீனப் பெண். நடித்ததோ வெள்ளைக்காரி வில்மா. மீன் தோலைக் கீற்றாக வெட்டி, பசை தடவி, அவள் கண்ணோரங்களை மேலே இழுத்து ஒட்டுவதுதான் என் வேலை.

அந்த வேடத்துக்கு முதலில் வந்தவள் என் சிநேகிதி ரூபி குவான், என்னைப் போலவே அசல் சீனக் குடும்பத்துப் பெண். தன் அம்மாவின் சிவப்புக் கல்யாண உடையில் வந்து நடித்துக் காட்டினாள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டைரக்டர் புரூயிட் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் பண்றே. ஆனா ஹீரோ வெள்ளைக்காரன். வேற வேற இனம், உங்க ரெண்டு பேருக்கும் முத்தக் காட்சின்னா சென்சார்ல விடமாட்டான். அதோட, உன்னைப் பாத்தா சீனாக்காரி மாதிரியே இல்லியேம்மா!"

அதோடு விட்டார்களா பாவிகள்? வில்மாவுக்குத் தேநீர் ஊற்றவும் குனிந்து நடக்கவும் கற்றுக்கொடுக்க அவளையே வைத்துக்கொண்டார்கள்.

"உன்னைவிட நான்தான் அசல், இல்லே ரூபி?" என்று வில்மா தினமும் சீண்டுவாள். ரூபி ஒருநாள் மட்டும் பதில் சொன்னாள்.

"அந்தக் கண்ணு உங்களுக்கே நிலைக்கட்டும்மா."

கடைசி நாள் கல்யாணக் காட்சி. முத்தமும் அதில்தான். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று வில்மாவுக்குப் பச்சைப் பட்டில் கல்யாண உடை தைத்திருந்தார்கள். ரூபி காலையிலிருந்து வரவில்லை.

மணி சரியாக இரண்டு. வில்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கீற்றுகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ரூபி நின்றாள். அதே சிவப்பு உடை. ஒரு காலில் செருப்பில்லை...

"தள்ளுக்கா. இன்னிக்கு நான் ஒட்டுறேன்."

"எங்கடி போனே?"

"யாருகிட்டே பேசுறே?" என்றாள் வில்மா, கண் திறக்காமல். "உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

நான் அவளைத் தொடவே இல்லை.

சர்ர்... சர்ர்... பசைத் தூரிகை இழுபடும் சத்தம்.

விளக்கு அணைந்து எரிந்தது. ரூபி இல்லை. வில்மாவின் கண்கள் மேலே ஏறியிருந்தன.

கீற்று இரண்டும் என் கையில்...

கண்ணாடியைப் பார்த்தேன். அதில் பச்சைப் பட்டு சிவப்பாக இருந்தது.

காட்சி முடிந்து வந்ததும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எடு! சீக்கிரம் எடு!"

"எடுக்க ஒண்ணுமே இல்லீங்க..."

வெறும் தோல்.

அந்தக் கண் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த படத்துக்குப் போனவளை அதே புரூயிட் திருப்பி அனுப்பினார். "உனக்கு முத்தக் காட்சின்னா சென்சார்ல விடமாட்டான்மா." பொய் சொல்லமாட்டேன், கேட்டபோது எனக்கு மனம் குளிர்ந்தது.

ஆனால் அந்தக் கல்யாணக் காட்சி எடுத்த அன்று மாலையே நான் ரூபியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளைக் கிடத்தியிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை டைரக்டரைப் பார்க்கலாம் என்று கல்யாண உடையோடு வந்திருக்கிறாள். இந்தக் கோலத்தில் உள்ளே விடமாட்டேன் என்று ஸ்டுடியோ வாசலில் காவல்காரன் விரட்டியிருக்கிறான். தெருவைக் கடக்கும்போது டிராம் அடித்துவிட்டது. அப்போது காலை பதினொரு மணி.

சிவப்பு உடுத்திச் செத்தவள் பழி தீர்க்காமல் போகமாட்டாள் என்பார்கள் எங்கள் ஆட்கள். அவள் அம்மா பதறிப் பதறி உடையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐடா, இதென்னடி இவ கையிலே? கழுவக் கழுவப் போகமாட்டேங்குது."

ரூபியின் விரல்களைத் தொட்டு முகர்ந்தேன். எனக்குத் தெரியாத வாசனையா?

ஒட்டுப் பசை... இன்னும் காயவே இல்லை.